மல்டிக்ஸில் கணக்குத் திறந்த கதை

யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வரலாற்றைச் சொல்லும் எந்தக் கட்டுரையிலும் அதன் முன்னோடியான மல்டிக்ஸுக்கு ஒரு பத்தி உண்டு. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்துவதற்கான இயங்குதளம் அது. எம்.ஐ.டி., ஜெனரல் எலக்ட்ரிக், பெல் ஆய்வகம் மூன்றும் சேர்ந்து தொடங்கின. அளவுக்கு மீறிப் பெருத்தது. 1969இல் பெல் ஆய்வகம் விலகியது. அங்கிருந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் சின்னதாக யுனிக்ஸை எழுதினார்கள். இது மாப்பிள்ளை வீட்டார் வாயிலிருந்து சம்பந்தி வீட்டுக் கதையைக் கேட்பது போல. மல்டிக்ஸ் அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. கனடாவின் ஹாலிஃபாக்ஸில், பாதுகாப்புத் துறையிடம் இருந்த கடைசி அமைப்பு 2000 அக்டோபர் 30 அன்றுதான் நிறுத்தப்பட்டது.

2007இல், மல்டிக்ஸின் உரிமையை வைத்திருந்த புல் (Bull) என்ற பிரெஞ்சுக் கணினி நிறுவனம் அதன் மூல நிரலை வெளியிட்டது. ஆனால் அதை ஓட்ட இயந்திரம் எங்கே? 36 பிட் சொல், 9 பிட் எழுத்து, நினைவகத்தைச் செக்மென்ட்டுகள் என்ற தனித்தனித் துண்டுகளாகப் பிரித்துக் காவல் காக்கத் தனி வன்பொருள் என்று அது வேறு ஓர் உலகம். அந்தப் பழைய இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளாக ஆர்வலர்கள் எழுதிய டிபிஎஸ்8எம் என்ற எமுலேட்டரில் 2014இல் மல்டிக்ஸ் மறுபடி எழுந்தது. அதைத்தான் என் மடிக்கணினியில் ஏற்றினேன். செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் அனுபவம் உதவலாம்.

நிறுவுவது பெரிய வேலை அல்ல. மல்டிக்ஸ் ஏற்கெனவே ஏற்றப்பட்ட வட்டுப் படிமத்துடன் ஒரு பொதி கிடைக்கிறது. அவிழ்த்து, கூடவே வரும் தொடக்கக் கோப்பை எமுலேட்டரிடம் கொடுத்தால் போதும். முதலில் திரையில் தெரிவது ஆபரேட்டரின் கன்சோல். மூல வட்டு எங்கே என்று கேட்கும். தேதியும் நேரமும் சரிதானா என்று கேட்கும். 'பூட் ஸ்டார்' என்று சொன்ன பிறகுதான் முழு அமைப்பும் எழுந்திருக்கும். இந்தப் பதில்களையெல்லாம் தொடக்கக் கோப்பே தானாகக் கொடுத்துவிடுகிறது. அந்த வரிகளை எடுத்துவிட்டுக் கையாலேயே அடித்தேன். பொறுமை உள்ளவர்கள் அப்படியே செய்யுங்கள். எது எதன்மேல் ஏறி நிற்கிறது என்பது அப்போதுதான் விளங்கும். தேதி சரியாகவே வந்தது. மல்டிக்ஸின் கடிகாரம் 1901 ஜனவரி 1 தொடங்கி மைக்ரோ விநாடிகளை எண்ணிக்கொண்டே போகிறது.

அடுத்து, இன்னொரு சாளரத்தில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் டெல்நெட் வழியாக 6180ஆம் போர்ட்டுக்குப் போக வேண்டும். 1973இல் வந்த, மல்டிக்ஸ் ஓடிய ஹனிவெல் இயந்திரத்தின் எண் அது. காலியாக இருக்கும் தொலைபேசி இணைப்புகளின் பட்டியல் வருகிறது. என்டர் தட்டினால் ஒன்று நமக்குக் கிடைக்கிறது. உடனே வரவேற்பு வரி: சுமை இவ்வளவு, பயனர்கள் இத்தனை பேர். நான் இன்னும் உள்ளேயே போகவில்லை, அதற்குள் பல பயனர்கள்! அச்சு வேலை, காப்பு நகல் போன்றவற்றைப் பின்னணியில் பார்த்துக்கொள்ளும் டெமன்கள் என்ற நிரல்கள் அவை. அவையும் முறைப்படி பெயர் பெற்று, மனிதர்களைப் போலவே கணக்கில் ஏறியிருக்கின்றன.

இங்கே விரல்கள் சில பழக்கங்களை மறந்தாக வேண்டும். அடித்த எழுத்தை நீக்க ஹேஷ் குறி. முழு வரியையும் தள்ளிவிட அட் குறி. பேக்ஸ்பேஸ் என்பது காகிதத்தில் அச்சடித்த முனையங்களின் காலத்தில் ஓர் எழுத்தின்மேல் இன்னோர் எழுத்தை அடிப்பதற்கான வழி. 1971இல் ரே டாம்லின்சன் மின்னஞ்சல் முகவரிக்கு அட் குறியைத் தேர்ந்தெடுத்தபோது மல்டிக்ஸ்காரர்கள் ஏன் எரிச்சலடைந்தார்கள் என்பது எனக்கு இப்போது நன்றாகவே புரிகிறது. முகவரியைப் பாதி அடித்ததும் வரியே போய்விடும்.

நிர்வாகிக் கணக்கு பொதியோடு வருகிறது. எனக்கென்று ஒரு கணக்கு வேண்டும் என்று உட்கார்ந்தபோதுதான் வேலை சூடு பிடித்தது. லினக்ஸில் ஒரே கட்டளையில் முடியும் காரியம் இங்கே இரண்டு அலுவலகங்களுக்கு இடையில் கோப்பு நகர்வது. முதலில் கணினி நிர்வாகி என்னை ஒரு 'நபர்' என்று பதிவு செய்ய வேண்டும். நபராக இருப்பது மட்டும் போதாது. ஏதாவது ஒரு 'திட்டம்' என்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். திட்ட நிர்வாகி தன் உறுப்பினர் கோப்பில் என் பெயரை எழுதி, அதை அட்டவணையாக மொழிபெயர்த்து, நிறுவும்படி சமர்ப்பிக்க வேண்டும். நிர்வாகி, திட்டத் தலைவர், விண்ணப்பதாரர் எல்லாம் நானே. என் விண்ணப்பத்தை நானே பரிந்துரைத்து நானே ஏற்றுக்கொண்டேன்.

இந்தப் பிரிவினை வீம்புக்கு வந்தது அல்ல. எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் 1961 நவம்பரில் ஐபிஎம் 709 கணினியில் நேரப்பகிர்வை, அதாவது பலர் ஒரே நேரத்தில் ஒரு கணினியைப் பயன்படுத்துவதை, செய்து காட்டினார்கள். சிடிஎஸ்எஸ் என்ற அந்த அமைப்பு பிறகு 7094இல் ஓடியது. ஒரே இயந்திரம், அறிமுகமே இல்லாத பலர். அவர்களின் கோப்புகளைத் தனித்தனியே காக்கக் கடவுச்சொல் வைத்தார்கள். கார்பட்டோ, கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருதை ஏற்ற உரையில் நினைவுகூர்ந்த சம்பவம் ஒன்று உண்டு. சிடிஎஸ்எஸ் எடிட்டர் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் வைக்கும். ஒரே நேரத்தில் ஒருவர் கடவுச்சொல் கோப்பையும் இன்னொருவர் அன்றைய அறிவிப்பையும் திருத்த, இரண்டும் இடம் மாறிவிட்டன. உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் எல்லாருடைய கடவுச்சொல்லும் அறிவிப்பாக வந்து நின்றது. இந்த அனுபவத்தோடு மல்டிக்ஸ் எழுதியவர்கள் யாருக்கு எந்த அதிகாரம் என்று வரையறுப்பதில் கறாராக இருந்ததை நான் குறை சொல்ல மாட்டேன்.

கணக்குக் கிடைத்ததும் பிஎல்-1 மொழியில் மூன்று வரி நிரல் எழுதினேன். அதை இயந்திர மொழிக்குத் தொகுத்தவுடன் பெயரை அடித்தேன், ஓடியது. நிரலின் பகுதிகளை ஒன்றாக இணைப்பது என்று தனியாக ஒரு படி கிடையாது. நிரல் எதையாவது முதன்முறை அழைக்கும்போதுதான் அமைப்பு அதைத் தேடிப் பிடித்து இணைக்கிறது. ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் ஒரு வரி வரும்: மணி என்ன, எத்தனை விநாடி மையச் செயலி நேரம் செலவானது, எத்தனை பக்கங்களை வட்டிலிருந்து கொண்டுவர நேர்ந்தது. செலவு விவரம் கேட்டால் டாலரில் பில் வருகிறது, அதுவும் ஷிப்ட் வாரியாக. என் சொந்த மடிக்கணினிதான், மின்கட்டணமும் நான் கட்டுவதுதான். இருந்தாலும் அந்த வரியைப் பார்க்கப் பார்க்க, தேவையில்லாமல் தொகுக்கும் பழக்கம் எனக்குக் குறைந்துவிட்டது.

பகிர்வு அமைப்பில் தனியாக உட்கார்ந்திருப்பதில் ஒரு அர்த்தமும் இல்லை. கல்லூரியில் படிக்கும் அக்காள் மகனை வீட்டு வைஃபை வழியாக உள்ளே சேர்த்தேன். அவன் முதல் வேலையாக என் கோப்பைப் படிக்கப் பார்த்தான். உரிமை இல்லை என்று மல்டிக்ஸ் மறுத்தது. படிக்கும் உரிமையை மட்டும் அவன் பெயருக்குக் கொடுத்தேன். என் செக்மென்ட்டைத் திரும்பத் திரும்பப் படிக்கும் ஒரு சிறிய நிரலை அவன் ஓட்டினான். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே உரிமையைப் பறித்தேன். அந்தக் கணமே அவன் நிரல் பிழையோடு நின்றது.

"மாமா, நான் ஏற்கெனவே திறந்து வைத்திருந்தேனே, எப்படி நிற்கும்?" என்றான்.

நியாயமான கேள்வி. லினக்ஸில் ஒருமுறை திறந்த கோப்பின் அனுமதியைப் பிறகு மாற்றினாலும், திறந்தவர் படித்துக்கொண்டே இருக்கலாம். மல்டிக்ஸில் திறப்பது என்ற சடங்கே கிடையாது. கோப்பு என்பது நினைவகத்தில் முகவரி உள்ள ஒரு செக்மென்ட். ஒவ்வொரு முறை தொடும்போதும் வன்பொருள் உரிமையைப் பார்க்கிறது. உரிமைப் பட்டியல் மாறினால், அந்தச் செக்மென்ட்டை வைத்திருக்கும் எல்லாருடைய இணைப்பையும் அமைப்பு துண்டித்து, அடுத்த தொடுதலில் புதிதாகச் சரிபார்க்கிறது. இந்த ஒரு சோதனைக்காகவே மொத்த உழைப்பும் தகும் என்பேன். 1985இல் அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு மதிப்பீட்டில் பி2 என்ற உயர் தரம் பெற்ற முதல் இயங்குதளம் இது.

நிறுத்தும்போது அவசரம் கூடாது. எல்லாரையும் வெளியேற்றி, கன்சோலில் 'ஷட்' கொடுத்து, அடித்தளச் சூழலுக்குத் திரும்பிய பிறகே எமுலேட்டரை மூடுங்கள். சாளரத்தை அப்படியே மூடினால் அடுத்த முறை வட்டுகளைப் பழுது பார்ப்பதில் நேரம் போகும்.

பெர்னார்ட் கிரீன்பெர்க் 1978இல் லிஸ்ப் மொழியில் எழுதிய ஈமாக்ஸ் என்ற உரைத் திருத்தி இதிலேயே இருக்கிறது. அடுத்து அதைத்தான் பார்க்கப் போகிறேன். மருமகனுக்கு வேறு கவலை. உறுப்பினர் கோப்பில் அவன் பெயருக்கு எதிரே மாதாந்திரச் செலவு வரம்பு ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். அதைக் கூட்டித் தரும்படி திட்ட நிர்வாகிக்கு மனுப் போட்டிருக்கிறான். பரிசீலனையில் இருக்கிறது.