கைராசி

கைராசிக்காரி என்ற பெயர் எனக்கு எப்போது வந்தது என்று சரியாக நினைவில்லை. பக்கத்து வார்டில் மூன்று பேர் முயன்றும் முடியாத ஒரு குழந்தைக்கு ஒரே குத்தில் ஊசி ஏற்றினேன், அதிலிருந்து தொடங்கியிருக்கலாம். அதன் பிறகு இரவுப் பணியில் எந்தத் தளத்திலிருந்து போன் வந்தாலும், "நரம்பு கிடைக்கவில்லை, கொஞ்சம் வந்து பாருங்கள் அக்கா" என்பதாகவே இருக்கும். நான் படியேறும்போது ஒரு மிதப்பும் கூடவே ஏறும். அதை மறைப்பதற்கில்லை.

நரம்பு என்றுதான் நாங்களும் சொல்கிறோம். பாடப்புத்தகத்தில் அதன் பெயர் சிரை. உணர்ச்சியைக் கடத்துவது நரம்பு, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவது சிரை என்று படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறோம். ஆனால் நோயாளியிடம் போய்ச் "சிரையைக் காட்டுங்கள்" என்றால், சவரத்துக்கு என்று நினைத்துத் தாடையைக் காட்டிவிடுவார். பழந்தமிழில் யாழின் தந்திக்கும் நரம்பு என்று பெயர். விரலால் தொட்டுப் பார்த்து வேலை செய்யும் எங்களுக்கு அந்தப் பொருள் பொருந்தத்தான் செய்கிறது. நல்ல நரம்பை அழுத்தினால் உள்ளே அமுங்கி, விட்டதும் துள்ளி மேலே வரும். கெட்டுப்போன நரம்பு காய்ந்த சணல் கயிறுபோல விரலடியில் உருளும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஊசியை ஏற்றினால் ஒரு சொட்டு வராது. புதிதாக வருகிற பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான்.

நரம்பு ஒரே நாளில் கெடுவதில்லை. ஒவ்வொரு குத்தும் அதன் உட்சுவரில் ஒரு காயம். வீரியமான மருந்துகள் அந்தச் சுவரை எரிச்சலூட்டுகின்றன. வீங்குகிறது, சிவக்கிறது, உள்ளே இரத்தம் உறைகிறது. சில வாரங்களில் ஆறிவிடுவதும் உண்டு. ஆறுவதற்குள் அதே இடத்தில் மறுபடியும் குத்தினால் தடித்து, சுருங்கி, கடைசியில் அடைத்தே போகும். முன்பெல்லாம் 72 மணி நேரம் ஆகிவிட்டது என்பதற்காகவே, வலியும் வீக்கமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஊசியைப் பிடுங்கிப் புது இடம் தேடுவோம். நேரம் பார்த்து மாற்றுவதில் பெரிய நன்மை இல்லை என்று ஆய்வுகள் பிறகு சொல்லின. அதற்குள் எத்தனை நரம்புகளை வீணாக்கியிருப்போம்!

என் மிதப்பை இறக்கியது ஒரு மணிக்கட்டு.

அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுநர், ஐம்பது வயதுக்குள் இருக்கும். நெடுநாள் சர்க்கரை சிறுநீரகத்தைத் தொட்டிருந்தது. ஓராண்டில் ஐந்தாறு முறை எங்கள் வார்டில் படுத்து எழுந்தார். கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டின் மேலே ஒரு நரம்பு ஓடும். நேராக, தடிமனாக, நகராமல். ஊசி போடுகிறவர்களுக்கு அது செல்லப்பிள்ளை. பச்சை நிற ஊசிகூடத் தயங்காமல் ஏறும். (எங்கள் ஊசிகளுக்கு நிறம்தான் அளவு. மஞ்சள் 24, நீலம் 22, ரோஸ் 20, பச்சை 18. எண் குறையக் குறைய ஊசி பருக்கும்.) அவருடைய இடது மணிக்கட்டில் எத்தனை முறை ஏற்றினேன் என்று கணக்கு வைக்கவில்லை. "நீங்கள் போட்டால்தான் சிஸ்டர் வலிக்காது" என்று கையை நீட்டுவார். நீட்டிய கையில் எனக்கு வசதியான இடத்தில் போட்டேன்.

டயாலிசிஸ் தேவைப்படும் என்று தெரிந்ததும் ஃபிஸ்டுலா செய்வதற்காக அறுவை மருத்துவர் வந்து பார்த்தார். ஃபிஸ்டுலா என்றால் கையில் ஓடும் ஒரு தமனியை, அதாவது இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் குழாயை, பக்கத்துச் சிரையோடு இணைத்துவிடுவது. தமனியின் வேகம் பாய்ந்து, சில வாரங்களில் சிரை பருத்து உரமேறும். பிறகு வாரம் மூன்று முறை பெரிய ஊசிகளைத் தாங்கும். அதிகம் பயன்படுத்தாத கையின் மணிக்கட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். மருத்துவர் ரப்பரைக் கட்டி, மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி விரலை ஓட்டினார். பாதியில் நிறுத்தினார்.

"இங்கே அடைத்திருக்கிறது. இதில் யார் ஊசி போட்டது?"

நான் கோப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். ஆட்டோக்காரர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுக்க வேண்டிய விஷயம் அது என்றே அவருக்குத் தெரியாது. கடைசியில் முழங்கை மடிப்பில்தான் செய்ய முடிந்தது. அது உரமேறும்வரை கழுத்தில் டயாலிசிஸ் குழாயோடு இருந்தார்.

சிறுநீரகம் தளர்ந்துவரும் ஒருவரின் முன்கையைத் தொடக் கூடாது, இரத்தம் எடுப்பதென்றாலும் புறங்கையில் எடுக்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் உறைக்கும்படி கற்றேன். இந்த ஃபிஸ்டுலா முறையை 1966இல் உலகத்துக்குச் சொன்னவர்கள் நியூயார்க்கைச் சேர்ந்த பிரெஷியா, சிமினோ முதலிய மருத்துவர்கள். சிமினோ மாணவராக இருந்தபோது ஒரு மருத்துவமனையில் இரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவர் என்று பிற்பாடு படித்தேன். இரத்தம் எடுத்துப் பழகிய ஒருவர் தந்ததை, இரத்தம் எடுத்துப் பெயர் வாங்கிய நான் ஒரு மனிதருக்கு இல்லாமல் ஆக்கியிருக்கிறேன்.

அதன் பிறகு ரப்பரை எடுப்பதற்கு முன்னால் வாயைத் திறக்கத் தொடங்கினேன். எந்தக் கையால் வேலை செய்வீர்கள், போன முறை எங்கே போட்டார்கள், எங்கே கஷ்டப்படுத்தியது? சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு என்று கோப்பிலும் ஒரு பார்வை. முன்பெல்லாம் நோயாளி, "அதில் போடாதீர்கள், அது ஓடும்" என்றால் எனக்கே பாடமா என்று சுருக்கென்றிருக்கும். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. நாங்கள் ஒரு நாளைக்கு முப்பது கைகளைப் பார்க்கிறோம். அவர் முப்பது நாளும் ஒரே கையைப் பார்க்கிறார்.

இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லையென்றால் வேறொருவரைக் கூப்பிட வேண்டும் என்பது விதி. கைராசிக்காரிக்கு அதைக் கடைப்பிடிப்பதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. மூன்றாவது குத்து நோயாளிக்காக இல்லை, என் பெயருக்காக.

டாக்டர்களிடமும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. காலையில் ஒரு பரிசோதனை, பதினோரு மணிக்கு ஞாபகம் வந்து இன்னொன்று, மாலையில் வேறொன்று. எழுதுகிறவருக்கு மூன்று வரி, படுத்திருப்பவருக்கு மூன்று குத்து. காலையில் எடுத்த இரத்தம் மிச்சம் இருக்கிறதா என்று ஆய்வகத்துக்குப் போன் செய்து கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பல நேரம் இருக்கிறது.

கீமோ பிரிவுக்கு மாறிய பிறகு வந்தவர் பூக்கட்டும் அம்மா. மதுரையில் ஒரு கோயில் வாசலில் மல்லிகை கட்டி விற்பவர். இடது மார்பில் அறுவை முடிந்து, அக்குளில் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்தார்கள். அந்தப் பக்கக் கையில் ஊசி போடுவதை நாங்கள் தவிர்ப்போம். மிச்சம் இருந்தது வலது கை. நூலைச் சுழற்றி முடிச்சுப் போடும் கை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நான்கு தடவை சிவப்பு மருந்து. ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரத்தப் பரிசோதனை. அது முடிந்ததும் 12 வாரம் வேறொரு மருந்து. எல்லாமே ஒரே கையில்.

சிவப்பு மருந்து என்பது டாக்சோரூபிசின். நரம்புக்கு வெளியே கசிந்தால் தசையையே புண்ணாக்கிவிடும். அதனால் சலைன் ஓடும்போதே, இரத்தம் திரும்பி வருகிறதா என்று இடையிடையே பார்த்து, கையாலேயே மெல்லச் செலுத்துவோம். அந்த நேரம் முழுக்க அவர் எரிகிறதா இல்லையா என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா அதற்குப் பதிலாகப் பூ விலை சொல்லிக்கொண்டிருப்பார். பேச்சு நின்றால் நானும் கையை நிறுத்துவேன்.

"புறங்கையில் குத்தாதே தாயி, ரெண்டு நாளைக்கு விரல் மடங்காது. நூல் வழுக்கிவிடுகிறது" என்பார். முன்கையில் தேடினேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு அங்கேயும் ஒரு நரம்பு கறுத்து, தடித்து, முழங்கைவரை இழுத்துப் பிடித்தது. வெதுவெதுப்பான ஈரத்துணி ஒத்தடம், ஹெபரின் களிம்பு, கையைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பது, அழுத்தித் தேய்க்காமல் இருப்பது என்று சொல்லி அனுப்பினோம். வீக்கமோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே வர வேண்டும் என்றும் சொன்னோம். ரப்பர் பந்தை அமுக்கிப் பழகச் சொன்னபோது சிரித்தார். நாளெல்லாம் பூக்கட்டும் விரல்களுக்குப் பந்தா?

காறை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் போர்ட் (கை நரம்பைத் தேடாமல் மருந்து ஏற்றுவதற்கான சிறு கருவி) வைத்துக்கொள்ளலாம் என்று அப்போதுதான் அவரிடம் சொல்லப்பட்டது. செலவு, இன்னொரு வெட்டு, வேண்டாம் என்றார். முதல் மருந்துக்கு முன்பே உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் வேறு பதில் வந்திருக்குமோ என்னவோ. ஒரு கை முழுக்கப் போன பிறகு சொல்வது எங்கள் வழக்கமாகிவிட்டது. அதை இன்றுவரை என்னால் சமாதானமாக ஏற்க முடியவில்லை.

சிகிச்சை முடிந்துவிட்டது. சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறார். ஆய்வகத்தில் ஆள் இருந்தும் என்னைத் தேடித்தான் வருவார். போன வாரம் வந்தபோது இரண்டாவது தண்ணீர் பாட்டிலும் காலியாகியிருந்தது.

"பஸ் ஸ்டாண்டிலிருந்து கையைத் தொங்கப்போட்டு வெயிலில் காட்டிக்கொண்டே நடந்து வந்தேன். இப்போது பார்."

குளிரூட்டிய அறையில் அரை மணி நேரம் உட்காரவைத்துவிட்டு நரம்பைக் காணோம் என்று தேடுகிற எங்களை நினைத்துக்கொண்டேன். ரப்பரைக் கட்டினேன். முன்கையில் சுண்டுவிரல் பக்கமாக ஒன்றைத் தொட்டேன்.

"அது இல்லை தாயி, அதற்கு அடுத்தது."

அடுத்ததைத் தொட்டேன். துள்ளியது.