தொச்சு விடு: அழுக்கு விளையாட்டில் ஐந்து சனிக்கிழமைகள்

பாப்பாவுக்கு இரண்டு வயது நான்கு மாதம். ஒரு பருக்கை விரலில் ஒட்டினால் போதும், ஐந்து விரலையும் விசிறி மாதிரி விரித்துக்கொண்டு "தொச்சு விடு, தொச்சு விடு" என்று அழுகை; துடைத்துவிடச் சொல்கிறாள். ஈர மண், சோப்பு நுரை, கறிக்குழம்பு எதுவானாலும் இதே கதை. மனைவிக்குச் சனிக்கிழமையும் வேலை உண்டு, எனக்கு விடுமுறை. சரி, அந்தக் காலைப் பொழுதில் கையை அழுக்காக்கிப் பழக்கலாம் என்று மொட்டை மாடியில் ஆரம்பித்தேன்.

விரிப்புக்குப் பழைய ஃப்ளெக்ஸ் பேனர். சொந்தக்காரர் வீட்டுக் காதணி விழாவுக்கு அடித்தது, தண்ணீர் டேங்குக்குப் பின்னால் சுருட்டிக் கிடந்தது. எதுவும் ஊறாது, உதறினால் சுத்தம். ஆனால் ஈரம் பட்டால் வழுக்கும். இரண்டாம் வாரம் நானே சறுக்கி, தாய்மாமன் படத்தின் மேல் உட்கார்ந்தேன். அதிலிருந்து மேலே இரண்டு சாக்கு விரித்துவிடுகிறேன்.

முதல் வாரம் காய்ந்த அரிசி மட்டும். என் அம்மா, பாப்பாவுக்கு அப்பத்தா, மாடிப்படியிலேயே நின்று "சோறு திங்கிற அரிசியைக் கால்ல மிதிக்க விடாதடா" என்றார். எனக்கும் மனசு ஒப்பவில்லை. வண்டு விழுந்து ஒதுக்கி வைத்திருந்த அரிசி இரண்டு கிலோ இருந்தது. அதைப் புடைத்து, பாப்பா குளிக்கும் தொட்டியில் கொட்டி, உழக்கு, ஆழாக்கு, ஒரு புனல் கொடுத்தேன். நாற்பது நிமிடம் அசையவில்லை. அளந்து கொட்டினாள், புனலில் அடைத்தாள், தொட்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். காய்ந்தது என்பதால் அழுகையே இல்லை. அரிசி பிறகு பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போனது.

இரண்டாம் வாரம் சொதப்பல். குத்தினால் கல்லாகவும் விட்டால் குழம்பாகவும் மாறும் அந்த மாவுக் கலவையைச் செய்யலாம் என்று கடையில் "சோள மாவு" கேட்டு வாங்கி வந்தேன். தண்ணீர் ஊற்றிக் கலக்குகிறேன், கலக்குகிறேன், தோசை மாவு மாதிரிதான் இருக்கிறது. அம்மா ஒரு விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது வெள்ளைச் சோளம்டா, கூழ் காய்ச்சுறது" என்றார். அன்று மதியம் எல்லோருக்கும் சோளக்கூழ். நமக்கு வேண்டியது சூப்பைக் கெட்டியாக்கப் போடும் கார்ன்ஃப்ளார்: மக்காச்சோளத்தின் ஸ்டார்ச் மட்டும், சுண்ணாம்புப் பொடி மாதிரி வெள்ளையாக, விரலுக்கிடையில் வைத்து நெரித்தால் கிரீச்சிடும். மக்காச்சோளத்தை அப்படியே அரைத்த மஞ்சள் மாவும் இதற்கு ஆகாது.

மறுநாள் சரியான மாவு வந்தது. இரண்டு கப் மாவுக்கு ஒரு கப் தண்ணீர், அதையும் கொஞ்சம் கொஞ்சமாக. கரண்டியை மெதுவாக விட்டால் இறங்க வேண்டும், வேகமாக இழுத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் பதம். மெல்ல விரலை விட்டால் மாவுத் துகள்கள் விலகி வழிவிடும். சட்டென்று குத்தினால் விலக நேரமில்லாமல் ஒன்றோடொன்று முட்டி இறுகிவிடும். இதையெல்லாம் நான் ரசித்துக்கொண்டிருந்தேன், பாப்பா இரண்டடி தள்ளிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தொடு, தொடு என்று நான் சொன்னதெல்லாம் வீண்.

அப்புறம் அவளுடைய பிளாஸ்டிக் மாட்டை எடுத்து நடுவில் நிறுத்தினேன். நாலு காலும் மெல்ல உள்ளே போனது. "மாடு சேத்துல மாட்டிக்கிச்சே!" என்றேன். வந்து குனிந்து பார்த்தாள். கொம்பைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள், வரவில்லை. மறுபடி இழுத்தாள், பாத்திரமே கூட வந்தது. ஆட்காட்டி விரலை மட்டும் மாட்டின் வயிற்றுக்கு அடியில் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத் தூக்கினாள். மாடு வந்துவிட்டது. விரலில் இருந்த வெள்ளைக் குழம்பு சொட்டுச் சொட்டாக வடிவதைப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். "தொச்சு விடு." துடைத்தேன். மாட்டைத் திரும்பவும் உள்ளே நிறுத்தினாள். பதினோரு முறை மாடு மாட்டியது, பதினோரு முறை நான் துடைத்தேன். கேட்டால் உடனே துடைத்துவிட வேண்டும், கெஞ்சியோ பிடித்தோ தொடவைக்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. துணி பக்கத்திலேயே இருக்கிறது என்று தெரிந்தால்தான் கை முன்னே வருகிறது.

ஒரு எச்சரிக்கை: மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நான் ஊற்றினேன். மாவு அடியில் படிந்து இறுகி, குளியலறைத் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. வாளியில் தெளியவிட்டு, மேல் தண்ணீரை வடித்து, காய்ந்ததும் வழித்துக் குப்பையில் போட்டால் வேலை முடிந்தது.

மூன்றாம் வாரம் ஜவ்வரிசி. மாவு ஜவ்வரிசியைப் பச்சைத் தண்ணீரில் போட்டேன், பத்து நிமிடத்தில் உருத்தெரியாமல் கரைந்தது. பிறகு நைலான் ஜவ்வரிசி வாங்கி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டு, கண்ணாடி மாதிரி ஆனதும் வடிகட்டிக் குளிர்ந்த தண்ணீரில் அலசினேன். பாதிக்குப் பீட்ரூட் சாறு, பாதிக்குச் சங்குப்பூ ஊறிய நீலத் தண்ணீர். நீலத்தின் மேல் எலுமிச்சை பிழிந்தால் கண்ணெதிரே ஊதா ஆகிறது, அதற்காகவே இரண்டு பழம் காலி. வழவழவென்ற அந்தக் குண்டுகளை முதலில் கரண்டியால், பிறகு இரண்டு விரலால் எடுத்தாள். அன்றைக்குத் துடைக்கக் கேட்டது நாலே முறை.

இதையே பூத்தொட்டிக்கு விற்கும், தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண ஜெல் குண்டுகளை வைத்துச் செய்யச் சொல்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். விழுங்கினால் குடலுக்குள் போய் உப்பி அடைத்துக்கொள்ளும், எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது. அமெரிக்காவில் 2023 டிசம்பரில் அமேசான், வால்மார்ட், டார்கெட் மூன்றுமே குழந்தைகளுக்கென்று அதை விற்பதை நிறுத்தின. ஜவ்வரிசி வாயில் போனால் பாயசம், அவ்வளவுதான். அப்போதும் நான் எழுந்து போவதில்லை.

நான்காம் வாரம் மஞ்சள் பெயிண்ட். மஞ்சள்தூள், மைதா, தண்ணீர் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்த பசை. அட்டையில் பூசினாள், சுவரில் பூசினாள், என் வெள்ளைப் பனியனில் கையைத் துடைத்தாள். கை கழுவ அம்மாவிடம் அனுப்பினேன். அடுத்த நிமிடம் கீழேயிருந்து அலறல்: "டேய், பிள்ளை கையெல்லாம் ரத்தம்!" துணி சோப்புப் பட்டு மஞ்சள் சிவந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. வருஷம் முழுக்க ஆரத்தி கரைக்கிற அம்மாவுக்கே அந்த நேரத்தில் தோன்றவில்லை. எனக்கு விழுந்த திட்டு தனிக் கணக்கு. பனியனை இரண்டு நாள் உச்சி வெயிலில் போட்டேன், கறை வெளுத்துவிட்டது. வெயில் படாத சுவரில் அப்படியே இருக்கிறது.

போன வாரம் களிமண். விளாச்சேரியில் பொம்மை செய்கிற ஒருவரிடம் ஒரு பெரிய உருண்டை வாங்கி வந்தேன். கல், வேர் இல்லாமல் மிதித்துப் பதமாக்கிய மண். பாப்பா ஒரு விரலால் குழி போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா படியில் நின்று பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாக்கில் உட்கார்ந்தார். "அப்படியா பிசையுறது?" ஐந்து நிமிடத்தில் மூன்று குமிழ் வைத்த அடுப்பு, ஒரு சட்டி, ஒரு அகப்பை. பாப்பா அகப்பையைப் பிடுங்கிப் பார்த்தாள், அது வளைந்தது. தண்ணீரைச் சட்டிக்குள் ஊற்றிக் குழம்பு வைத்தாள், முழங்கை வரை சேறு. ஒரு மணி நேரம் என்னை யாரும் தேடவில்லை.

மறுநாள் ஞாயிறு, கறிக்குழம்பு. விரலில் பட்டதும் அதே விசிறி, அதே "தொச்சு விடு".

அடுப்பைக் கைப்பிடிச் சுவரில் காயவைத்தேன், மதியத்துக்குள் மூன்றாகப் பிளந்துவிட்டது. "வெயில்லயா வைப்பாக? நிழல்ல வச்சு ஈரத்துணி போடணும்" என்றார் அம்மா. மிச்ச மண்ணை ஈரச் சாக்கில் சுற்றிப் பழைய பெயிண்ட் வாளியில் போட்டு மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நேற்றுப் பார்த்தேன், மேலே சுற்றியிருந்தது புதுத் துணி. நான் சுற்றியதில்லை.