கால்ஃப் கிரீன் வேலை: செப்டம்பர் முதல் நவம்பர் வரை

செப்டம்பர் 8

கால்ஃப் மைதானத்தின் கிரீனில், அதாவது குழியைச் சுற்றிப் பந்தை உருட்டி ஆடும் குட்டைப் புல்தரையில், துளை போடும் வேலை இன்று ஆரம்பம். உள்ளே குழாய் போல வெற்றாக இருக்கும் 13 மில்லிமீட்டர் ஊசி, 8 சென்டிமீட்டர் ஆழம், துளைக்குத் துளை 5 சென்டிமீட்டர் இடைவெளி. கணக்குப் போட்டால் பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் வெளியே வருகிறது. பார்க்கிறவர் கண்ணுக்கோ முழுக் கிரீனும் போய்விட்ட மாதிரி இருக்கும். ஆட வந்த ஒருவர் மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "நல்லா இருந்த கிரீனை ஏங்க இப்படிப் பண்றீங்க?" என்றார். நன்றாக இருக்கும்போதே செய்வதால்தான் அது நன்றாக இருக்கிறது. இதை நின்று விளக்க எங்கே நேரம்?

வெளியே விழுந்த மண்குச்சி ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தேன். மேலே விரல் அகலத்துக்குப் பழுப்பு நிறப் பஞ்சு: செத்த தண்டும் வேரும் மக்காமல் சேர்ந்த அடுக்கு. பிழிந்தால் தண்ணீர் வருகிறது, புளித்த வாடை வேறு. அதற்குக் கீழே வேர் மெலிந்துவிட்டது. ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளை வேர்கள் கற்றையாக நேரே இறங்கியிருந்தன. வசந்தத்தில் போட்ட துளையில் நிரப்பிய மணல் அது. இதைப் பார்த்த பிறகு யார் என்ன கேட்டாலும் சரி.

செப்டம்பர் 9

மணல். காய்ந்த மணலாக இருக்க வேண்டும். ஈரம் இருந்தால் துளையின் வாயிலேயே அடைத்துக்கொள்ளும். மேலே நிரம்பின மாதிரி தெரியும், அடியில் வெற்றிடம். பாய் போன்ற வலையை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்தோம். கடைசியில் சில துளைகளில் ஆணியை விட்டுப் பார்த்தேன், அடிவரை மணல் இறங்கியிருக்கிறது.

இதையே அடுத்த மாதம் செய்தால் என்ன என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். போட்டிகள் முடிந்துவிடுமாம். மண்ணில் சூடு இருக்கிற வரைதான் புல் பக்கவாட்டில் ஓடித் துளையை மூடும். குளிர்ந்த பிறகு போட்ட துளை வசந்தம்வரை வாயைத் திறந்தபடி கிடக்கும். போட்டித் தேதியை நகர்த்தலாம், மண்ணின் சூட்டை நகர்த்த முடியாது.

செப்டம்பர் 13

கிரீனுக்கான மெல்லிய புல்வகையான பென்ட் புல்லின் விதை தூவினோம். கிலோவுக்கு ஒரு கோடிக்கும் மேல் விதை இருக்கும், கையில் எடுத்தால் தூசுதான். காற்று எழும் முன்பே, விடிந்தும் விடியாததுமாக முடிக்க வேண்டியிருந்தது. இனி முளைக்கும் வரை மேல்மண் காயக் கூடாது. ஒரே தடவையாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை தண்ணீர்.

செப்டம்பர் 30

துளைகள் மூடிவிட்டன. புது நாற்று மயிரிழை போல எழும்பியிருக்கிறது. வெட்டும் உயரத்தை 3.5 மில்லிமீட்டரிலிருந்து 4.5-க்கு ஏற்றினோம். வெயில் குறையும்போது புல்லுக்கு இலை கொஞ்சம் கூடவே வேண்டும். பந்து மெதுவாக ஓடுகிறது என்று புகார் வரும். வரட்டும்.

அக்டோபர் 11

மரநிழலில் இருக்கும் கிரீனில், நாணயம் அளவுக்குச் செம்பழுப்புப் புள்ளிகள். மைக்ரோடோக்கியம், பழைய ஆட்கள் இன்னும் ஃபியூசேரியம் என்றுதான் சொல்வார்கள். குளிரும் ஈரமும் சேர்ந்து நீடித்தால் இந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். குனிந்து பார்த்தால் புள்ளியின் ஓரத்து இலைகள் வழவழவென்று ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன.

உடனே மருந்து அடிக்கலாம் என்றார் கூட வேலை செய்பவர். அந்த ஒரு கிரீனுக்கு மட்டும் அடித்தோம். மற்றவற்றில் காலையில் முதல் வேலையாக நீளக் கம்பை வீசிப் பனித்துளியைத் தட்டிவிடுகிறோம். இலை எவ்வளவு சீக்கிரம் காய்கிறதோ அவ்வளவு நல்லது. தழைச்சத்தையும் குறைத்தாயிற்று, இந்த நேரத்தில் அதைக் கூட்டிக் கொடுத்தால் இலை மென்மையாகி நோய்க்கு வழிவிடும். கொஞ்சம் இரும்பு சல்பேட் மட்டும். நிறமும் கறுக்கும், இலையும் விறைக்கும். உண்மையில் அந்த மரத்தின் கிழக்குக் கிளைகளை வெட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் மரம் என்றதும் எல்லோரும் உணர்ச்சிவசப்படுகிறார்கள்.

அக்டோபர் 19

இலை, இலை, இலை. ஊதித் தள்ளிய இடத்தில் திரும்பிப் பார்த்தால் மறுபடியும் இலை. 2019 விதிமாற்றத்துக்குப் பிறகு பங்கர் என்கிற மணல் பள்ளத்துக்குள் கிடக்கும் இலையையும் ஆடுபவரே எடுத்துப் போடலாம், பந்து அசையாமல் பார்த்துக்கொண்டால் போதும். எடுத்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நவம்பர் 4

முதல் உறைபனி. கிரீன்களைத் திறக்கவில்லை, நல்ல சத்தம் கிளம்பியது. உறைந்த இலையை மிதித்தால் உள்ளே செல்கள் உடைந்துபோகும். அப்போது ஒன்றும் தெரியாது, பின்னால் காலடித் தடம் அப்படியே பழுப்பாக எழும்பும். வெயில் ஏறிப் பனி உருகியதும் திறந்துவிட்டோம்.

நவம்பர் 9

குளிரில் உறைந்து குழாயை உடைக்காமல் இருக்க, பாசனக் குழாய்களில் இருந்த தண்ணீரைக் கம்ப்ரசர் வைத்து ஊதி வெளியேற்றினோம். இதில் அழுத்தத்தைவிடக் காற்றின் அளவுதான் முக்கியம். அழுத்தத்தை ஏற்றினால் குழாயே உடையும். ஒவ்வொரு தெளிப்பானிலும் முதலில் தண்ணீர் சீறும், அப்புறம் புகை மாதிரி வரும், பிறகு வெறுங்காற்று. அந்த இடத்தில் உடனே மூடிவிட வேண்டும். விட்டால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் தண்ணீர் இல்லாமல் சுழன்று சூடேறிக் கெட்டுப்போகும். தூரத்தில் இருப்பதிலிருந்து தொடங்கி வரிசையாக வந்தோம். பந்து வால்வுகளை, அதாவது உள்ளே துளையிட்ட ஒரு பந்து திரும்பித் திறந்து மூடும் வால்வுகளை, பாதி திறந்தபடி விட்டிருக்கிறோம், முழுக்க மூடினால் அந்தப் பந்துக்குள்ளேயே தண்ணீர் தங்கி உறைந்து வெடிக்கும். கம்ப்ரசர் வாடகை வண்டி சாயங்காலமே திரும்பிப் போயிற்று. பம்பு அறை மட்டும் பாக்கி, அது நாளைக்கு.