முந்திரி கம்பெனியில் பாதி

"எல்லாத்துலயும் பாதி வேணும்னு சொல்றீங்க. எது எது யார் பேர்ல இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்" என்று விவாகரத்துக்காகப் போன முதல் நாளே வக்கீலம்மா கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. திருப்பாதிரிப்புலியூரில் இருவர் பெயரிலும் கடன் போட்டுக் கட்டிய வீடு, புதுச்சேரியைச் சேர்ந்த கிருமாம்பாக்கத்தில் ஒரு மனை, பண்ருட்டியில் என் கணவரும் அவருடைய அண்ணனும் நடத்தும் முந்திரி கம்பெனி, அவர்கள் தாத்தா காலத்து முந்திரித் தோப்பு என்று விரல் விட்டுச் சொன்னேன். 2009-இல் கல்யாணம். பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குப் பாதி கிடைக்காதா?

கிடைக்காது என்றார். கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்தில் மனைவிக்குப் பாதி என்று இந்து திருமணச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஜீவனாம்சம் உண்டு. கல்யாணத்தையொட்டி இருவருக்கும் சேர்த்துக் கொடுத்த பொருள்களைப் பற்றி ஒரு பிரிவு உண்டு. மற்றபடி பத்திரத்தில் யார் பெயரோ அவருடைய சொத்து. கணவன் சொத்தில் மனைவிக்கும் பங்கு கொடுக்க 2010-இல் ஒரு மசோதா வந்து, 2013-இல் மாநிலங்களவையில் நிறைவேறி, அப்படியே காலாவதியாகிவிட்டதாம். நான் பார்த்த யூடியூப் வீடியோக்கள் எல்லாம் அமெரிக்காக் கதை என்று அப்போதுதான் புரிந்தது.

இவர் எனக்கு இரண்டாவது வக்கீல். முதலில் போனவர் சொத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வரதட்சணைக் கொடுமைனு ஒரு கேஸ் போடுவோம், தானா இறங்கி வருவாங்க" என்றார். அப்படி ஒரு கொடுமை எங்கள் வீட்டில் நடக்கவில்லை. ஏழு மாதம் போனது, கொஞ்சம் பணமும் போனது. அப்புறம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரித்தேன். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள் என்பது பள்ளி ஆசிரியையான எனக்கே தெரிந்திருக்கவில்லை. கம்பெனிக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும் என்பதால் கடைசியில் தனியாகத்தான் வக்கீல் வைத்தேன். ஆனால் அங்கே போன அரை நாளில் என் பயம் பாதி குறைந்தது.

வக்கீலம்மா முதலில் ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தார். ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் சொன்னது, அந்தப் படிவம். நாங்கள் சம்மத விவாகரத்துக்குத்தான் போனோம். இருந்தாலும் இரண்டு பேரும் நிரப்பிவிட்டுத்தான் பேச்சு என்று பிடிவாதமாக நின்றார். எனக்கு மூன்று வாரம் ஆனது. வில்லங்கச் சான்று, வீட்டுக் கடன் கணக்கு, எல்.ஐ.சி. பாலிசி, சீட்டுப் பணம்... பீரோவில் இருந்த ஒவ்வொரு ரசீதும் வெளியே வந்தது.

அப்படி வந்ததில்தான் அந்த நகைக்கடன் அட்டையும் இருந்தது.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்ததை எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்க மாட்டார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. கம்பெனிக் கூரையும் போய்விட்டது. 2012 பிப்ரவரியில் என் நகையை வங்கியில் வைத்து ஐந்தரை லட்சம் வாங்கினோம். பணம் என் கணக்கில் விழுந்து மறுநாளே கம்பெனி கணக்குக்குப் போனது. அப்புறம் நகையை மீட்டு, விற்று, முந்திரி உடைக்கும் எந்திரம் வாங்கினார்கள். கம்பெனிப் புத்தகத்தில் எல்லாம் அவருடைய முதலீடு என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் அட்டையில் என் பெயர் இருந்தது. மொத்த எடை 310 கிராம், கல்லும் அழுக்கும் கழித்து நிகர எடை 296 கிராம். முப்பத்தேழு பவுன்.

"கம்பெனியில பங்கு கேட்டா பார்ட்னர்ஷிப் பத்திரத்தைத் தூக்கிக் காட்டுவாங்க, அதுல உங்க பேர் இல்ல. நகையைக் கேளுங்க. அதுக்கு அவங்ககிட்ட பதிலே கிடையாது" என்றார் வக்கீலம்மா. சீதனம் மனைவியின் சொந்தச் சொத்து, கணவன் கையில் இருந்தாலும் அது அவனை நம்பிக் கொடுத்து வைத்த பொருள்தான் என்று 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். எதிர்த் தரப்பு அந்த ஐந்தரை லட்சத்தை வட்டியில்லாமல் தருவதாகச் சொன்னது. பவுன் விலை அதற்குள் இரண்டு மடங்காகியிருந்தது. பணம் வேண்டாம், பவுனாகவே வேண்டும் என்றோம். நாலு முறை உட்கார்ந்து பேசி, முப்பத்திரண்டு பவுனில் முடிந்தது. ஐந்து பவுனை விட்டதற்கு அம்மாவுக்கு இன்னும் வருத்தம். எனக்கு இல்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடனோடு வீடு எனக்கு. மனையும் கம்பெனியும் அவருக்கு. மகளின் படிப்புக்கும் செலவுக்கும் மாதாமாதம் ஒரு தொகை. இதில் பெரிய சண்டை இல்லை.

சண்டை வந்தது ஒரே ஒரு வரிக்கு. அவர்கள் எழுதி வந்த ஒப்பந்தத்தில் "நானோ என் மகளோ குடும்பச் சொத்தில் எந்த உரிமையும் கோர மாட்டோம்" என்று இருந்தது. நான் கவனிக்காமல் தலையாட்டியிருப்பேன். வக்கீலம்மா பேனாவை எடுத்து "என் மகளோ" என்பதை அடித்தார். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1989-லிருந்து, நாடு முழுக்க 2005-லிருந்து. விவாகரத்து எனக்கும் அவருக்கும்தான், அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் இல்லையே. அவருடைய அண்ணன் எழுந்தே போய்விட்டார். அவர் மட்டும் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "சரி, அடிச்சது அடிச்சதாவே இருக்கட்டும்" என்றார்.

2023 ஆகஸ்டில் கூட்டு மனு போட்டோம். முதல் முறை நீதிமன்றத்தில் சம்மதம் சொன்ன பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்புக்குப் பிறகு அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம். நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்கு அந்த ஆறு மாதம் தேவைப்பட்டது. தீர்ப்பு வரும்வரை நாங்கள் கணவன் மனைவி, ஒருவர் பங்கை மற்றவருக்கு எழுதிக்கொடுத்தால் முத்திரைக் கட்டணத்தில் சலுகை உண்டு, வரித் தொல்லையும் இல்லை. தீர்ப்பு வந்த மறுநாள் இரண்டு அந்நியர்கள். ஆனால் முன்னாடியே எழுதிக்கொடுத்துவிட்டு எதிராளி கடைசியில் சம்மதத்தை வாபஸ் வாங்கினால்? இரண்டாவது முறை நீதிமன்றத்தில் சொல்லும்வரை யாரும் பின்வாங்கலாம். அதனால் பதினாறு பவுன் மனு போட்ட அன்று, பதினாறு பவுன் கடைசி நாள் நீதிமன்றத்தில் என்று பிரித்தார்கள். வீட்டில் அவருடைய பாதியையும் மனையில் என்னுடைய பாதியையும் ஒரே நாளில் எழுதுவது என்று ஏற்பாடு.

இடையில் வங்கி. "கோர்ட்ல நீங்க என்ன பேசிக்கிட்டாலும் அது உங்களுக்குள்ள. எங்களுக்கு ரெண்டு பேரும் கடன்காரங்கதான்" என்று மேலாளர் சொன்னபோது அடிவயிறு கலங்கியது. அவர் சொன்னதும் சரிதான். பாக்கி பதினான்கு லட்சம், என் சம்பளத்துக்குப் பதினொன்றுதான் தருவார்கள். மூன்று லட்சத்தை என் கணவர் கட்டிய பிறகே அவருடைய பெயரை எடுத்தார்கள். நாலு மாதம் இழுத்தது. இதைத் தீர்ப்புக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் இன்றைக்கும் அலைந்துகொண்டிருப்பேன்.

பதிவு நாளன்று காலையில் கடலூர், மதியம் புதுச்சேரி. அரை மணி நேரப் பயணம்தான், ஆனால் வேறு அரசு, வேறு முத்திரைத்தாள், அளவுகூட வேறு. அந்தப் பத்திரத்தில் நம் ஊர் போலச் சதுர அடி இல்லை, பிரெஞ்சுக்காரன் காலத்து ஆர், சென்டியார் கணக்கு. 2 ஆர் 23 சென்டியார் என்றிருந்ததைப் பார்த்து நான் வேறு மனையோ என்று பதறினேன். அவர்தான் போனில் கணக்குப் போட்டு, "அதே 2400 சதுர அடிதான்" என்று காட்டினார். ஒரே காரில்தான் போனோம். வழியில் டீ குடித்தோம். காசு அவர் கொடுத்தார்.

2024 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. பாலிசிகளிலும் வங்கிக் கணக்கிலும் நியமனதாரர் பெயரை மகளுக்கு மாற்றியாயிற்று, வீட்டு வரியும் என் பெயருக்கு வந்தாயிற்று. கரண்ட் இணைப்பு மட்டும் பாக்கி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பில் குறுஞ்செய்தி அவருடைய போனுக்குத்தான் போகிறது. ஒரு வார்த்தையும் எழுதாமல் அதை எனக்கு அனுப்பிவைக்கிறார். நான் கட்டிவிடுகிறேன்.