மூன்றாவது குழல்

அக்டோபர் 4, 2025, சனி

மூங்கில் கட்டை வராந்தாத் தூணில் கட்டியாயிற்று. 22 குழல், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், பின்பக்கம் கணு அடைப்பு. வாய் கிழக்கே. காலை வெயில் படவேண்டும், சாரல் படக்கூடாது. அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இதுக்கு யாரும்மா குடிவரப் போறா?" என்று கேட்டார். தேனீதான், எது என்று தெரியவில்லை அத்தை, வந்தால் சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஆஸ்பத்திரி. அத்தையின் கழுத்துக் கட்டியில் ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு வரப் பத்து வேலை நாள் ஆகுமாம்.

அக்டோபர் 9, வியாழன்

ஐந்தரைக்கே நிலத்தில் இறங்கிவிட்டேன். டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் நெடுஞ்சாலைக்கு மேலே பதினான்கு ஹெக்டேர் சரிவு. கிடங்கு கட்டப் போகிறார்கள். அனுமதி விண்ணப்பத்தோடு வைக்கத் தாவர அறிக்கை வேண்டும், அதற்குத்தான் நான்.

குளிர்காலக் கடைசியில் தீ போயிருக்கிறது. கரிந்த அடிக்கட்டைக்குள்ளிருந்து பச்சை கிளம்பிவிட்டது. சாலையில் போகிறவர்களுக்கு இது வெறும் புல். குனிந்தால்தான் தெரியும். ஒரே ஒரு அளவுக் கட்டத்துக்குள் ஹைபாக்ஸிஸ் பதினோரு செடி. மஞ்சள் நட்சத்திரம் போலப் பூ. நாட்டு மருந்துக்காகத் தோண்டிச் சந்தையில் விற்கிறார்களே, அந்தக் கிழங்கு. மதியத்துக்குள் பூ சுருங்கிவிடும், அதனால் தேனீ பார்க்கக் காலையை விட்டால் வழியில்லை.

மணற்பாறை மேல் வளரும் இந்தப் புல்வெளி ஒரு காலத்தில் டர்பனைச் சுற்றி விரிந்து கிடந்தது. கரும்பு தின்றது, வீடுகள் தின்றன, சாலை தின்றது. மிச்சம் இருப்பது துண்டு துண்டாகத்தான். மரம் இல்லாததால் காலி நிலம் என்கிறார்கள். உயிரின் பெரும்பகுதி மண்ணுக்குள் கிழங்காகவும் தடித்த வேராகவும் கிடக்கிறது. ஒருமுறை உழுதுவிட்டால் போச்சு. மேலே புல் வரும், அந்தக் கிழங்குகள் வராது.

வடக்குச் சரிவில் புல் இல்லாத ஒரு திட்டு, பாய் விரித்த அளவு. (இங்கே தென்னாப்பிரிக்காவில் வெயில் வடக்கிலிருந்து விழும். வந்து இத்தனை வருஷமாகியும் ஒரு கணம் யோசித்துத்தான் திசை பிடிக்கிறேன்.) அந்தத் திட்டில் பென்சில் கனத்துக்குத் துளைகள். நாற்பது வரை எண்ணினேன். அப்புறம் ஒரு துளையிலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது, நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். முக்கால் மணி நேரம் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னங்கால் நிறைய மகரந்தத்தோடு ஒவ்வொன்றாக வந்து, ஒன்றுகூடத் தடுமாறாமல் தன் துளைக்குள் இறங்கியது.

மாலையில் அறிக்கை கேட்டவர்களிடமிருந்து போன். ஒரு தடவை போய்ப் பார்த்தது போதும்தானே, இந்த மாதக் கடைசிக்குள் கொடுத்துவிடலாம்தானே? போதாது என்றேன். ஹேபனேரியா ஆர்க்கிட் ஜனவரிக்கு முன்னால் தலை காட்டாது. இல்லாததை இல்லை என்று எழுதலாம், இன்னும் முளைக்காததை இல்லை என்று எப்படி எழுதுவது?

அக்டோபர் 11, சனி

டர்பனுக்கு வடக்கே வெருலத்தில் வகுப்பு. காய்கறி போடுகிற பன்னிரண்டு பேர், பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள்.

இசைக்கவையைத் தட்டிக் கத்தரிப் பூவில் வைத்துக் காட்டினேன். பூவுக்குக் கீழே பிடித்த கறுப்புக் காகிதத்தில் மகரந்தம் புகை மாதிரி கொட்டியது. கத்தரிப் பூவின் மகரந்தப் பை வெடித்துத் திறப்பதில்லை, நுனியில் ஊசித் துளைதான். உள்ளே இருப்பதை உதறித்தான் எடுக்கவேண்டும். கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைக் கவ்விக்கொண்டு, இறக்கையை அடிக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவைத்து உதறும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. ஒரு அங்கிள் எழுந்து வந்து கவையை வாங்கி அவரே தட்டிப் பார்த்தார். இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை. "நாப்பது வருஷமா கத்தரி போடுறேன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் மருந்தடிப்பது காலை ஏழு மணிக்கு. பூ விரிந்து, வண்டு வரும் நேரம். அந்தி சாய்ந்து அடியுங்கள், கிரனடில்லாப் (பேஷன் ஃப்ரூட்) பந்தல் பக்கம் கிடக்கும் காய்ந்த மரத்தை எரிக்காதீர்கள், கருவண்டு அதில்தான் துளைபோட்டுக் குடியிருக்கும் என்று சொன்னேன். கிரனடில்லாப் பூவின் மகரந்தமும் சூல்முடியும் உயரத்தில் தொங்குகின்றன. முதுகு உயர்ந்த வண்டுதான் இரண்டையும் உரசும், தேனீ கீழே புகுந்து தேனைக் குடித்துவிட்டுப் போய்விடும். தலையாட்டினார். செய்வாரா?

அக்டோபர் 12, ஞாயிறு

சுவருக்குள் தேன்கூடு, வந்து எடுத்துக் கொடுங்கள் என்று போன். இந்த வாரம் மூன்றாவது. தேனீ வளர்ப்பவரின் எண்ணைக் கொடுத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

வந்துவிட்டது! மூன்றாவது குழல். இலைவெட்டித் தேனீ, மெகாகைல் இனம்.

மந்தாரை இலை விளிம்பில் உட்கார்ந்து தாடையால் கத்தரிக்கிறது. தன் உடம்பையே கவராயமாக வைத்துச் சுற்றி வருகிறது. வெட்டி முடிகிற கடைசி நொடியில் இலைத்துண்டோடு விழப்போகிறது என்று நினைக்கும்போதே இறக்கை விரிந்துவிடும். சுருட்டின இலையைக் காலுக்கிடையில் பிடித்துக்கொண்டு குழலுக்குள் போகும். அறைச் சுவருக்கு நீள்வட்டத் துண்டு. அறை மூடிக்கு வட்டத் துண்டு, கிட்டத்தட்டச் சுத்தமான வட்டம். அதற்கு அளவு யார் சொன்னார்கள்?

அத்தை பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணுகிறார். மாலைவரை 31 நடை.

அக்டோபர் 16, வியாழன்

கூர்வால் வந்துவிட்டாள். சீலியாக்ஸிஸ். வயிறு ஆப்பு மாதிரி குறுகி முள்ளாக முடியும். இலைவெட்டி வெளியே போனதும் குழலுக்குள் நுழைந்து, இலைச் சுவரைக் குத்தி முட்டையைச் செருகிவிட்டுப் போகும். அதன் புழுவுக்குப் பிறந்த கொஞ்ச நாளில் அரிவாள் போலத் தாடை வரும். வீட்டுக்காரி முட்டையைக் கொன்றுவிட்டு, சேர்த்துவைத்த மகரந்தத்தைத் தின்று வளரும்.

"விரட்டு மா" என்றார் அத்தை. விரட்டவில்லை. அதுவும் இந்த மண்ணின் தேனீதான் அத்தை, இலைவெட்டி நிறைய இருக்கிற இடத்தில்தான் அதுவும் இருக்கும் என்றேன். அத்தை அன்று முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எட்டு வீட்டுக்குப் பலகாரம் போயிற்று. மூன்றாவது குழல் அடைபட்டுவிட்டது. வாயில் ஒன்றன்மேல் ஒன்றாக இலை வட்டங்கள். கூர்வால் நேற்றும் வந்ததை அத்தைக்குச் சொல்லவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

எடுத்த சதை போதவில்லையாம். திரும்ப எடுக்கவேண்டும்.

அக்டோபர் 23, வியாழன்

மின்னஞ்சல். அறிக்கையிலிருந்து இரண்டு பத்திகளை நீக்கச் சொல்கிறார்கள். ஒன்று, கோடைப் பூக்களை இன்னும் பார்க்கவில்லை என்பது. இன்னொன்று மண்தேனீத் திட்டு. தேனீ கேட்கவில்லை, தாவரம்தான் கேட்டோம் என்கிறார்கள்.

தாவரத்தைக் கேட்டால் தேனீயைச் சொல்லாமல் எப்படி முடியும்? அந்தப் பூக்களில் பல விதையாவதே அந்தத் துளைகளிலிருந்து வருகிறவர்களால்தான். செடியை வேலிக்குள் வைத்துக் காப்பாற்றுகிறோம், துளைகளின் மேல் கான்கிரீட் போடுகிறோம் என்றால், அங்கே நிற்பது பூத்துப் பூத்துக் காய்க்காமல் கிழடாகிற செடிதான். இதை நீளமாக எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன்.

சாக்னாஸ்ப் (இயற்கை அறிவியலாளர்களைப் பதிவுசெய்யும் குழு) பதிவு எண்ணோடு அடியில் கையெழுத்துப் போடுவது நான். சார்பில்லாமல் எழுதினேன் என்று உறுதிமொழியும் நான்தான் தருகிறேன். எடுக்க மாட்டேன் என்று இரவு 11.40க்கு அனுப்பிவிட்டேன். பாதிப் பணம் இன்னும் வரவேண்டியிருக்கிறது. காருக்கு டயர் மாற்றவேண்டும்.

அக்டோபர் 24, வெள்ளி

தூக்கமில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

சொந்தச் செலவில் நிலத்துக்கு இன்னொரு தடவை. வாட்ஸோனியா இளஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாக நிற்கிறது. போன மாதம் இங்கே இலைதான் இருந்தது.

ஆறு மணிக்கு மேல் வெளிச்சம் சாயும்போது அதைப் பார்த்தேன். ஒரு காய்ந்த புல் தண்டில் ஏழு ஆண் நீலப்பட்டைத் தேனீக்கள் வரிசையாகத் தூங்குகின்றன. கால்களை மடக்கிவிட்டு, தாடையால் மட்டும் தண்டைக் கவ்விக்கொண்டு. உடம்பு காற்றில் நிற்கிறது. ஆணுக்கு வீடு கிடையாது, கூட்டில் இடம் பெண்ணுக்குத்தான். தண்டு ஆடும்போது ஏழும் சேர்ந்து ஆடின. எட்டாவது ஒன்று வந்து நடுவில் இடம் தேடியது, ஏழும் சிணுங்கின, அப்புறம் அடங்கிவிட்டன. போட்டோ எடுக்கக் கை வரவில்லை.

டிராகன்ஸ்பர்க் மலைக்கு முதல் தடவை போனது ஞாபகம் வந்தது. டயாசியா பூவுக்குப் பின்னால் இரண்டு கொம்பு, அதற்குள் தேன் இல்லை, எண்ணெய். ரெடிவிவா என்கிற தேனீயில் பெண் மட்டும் நீண்ட முன்னங்கால் இரண்டையும் இரண்டு கொம்புக்குள் விட்டுத் துடைத்தெடுக்கும். அந்த எண்ணெய் குஞ்சுக்குச் சாப்பாடு, அறைக்குப் பூச்சு. கொம்பு நீளமான இடத்தில் தேனீயின் காலும் நீளம், குட்டையான இடத்தில் காலும் குட்டை. மலைக்கு மலை மாறும். அம்பாசமுத்திரத்திலிருந்து கல்யாணமாகி வந்து, என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாமல் இருந்த வருஷம் அது. அந்த முன்னங்காலைப் பார்த்த பிறகு எனக்கு வேறு கேள்வி இல்லாமல் போனது.

நவம்பர் 6, வியாழன்

இரண்டாவது தடவை எடுத்தாயிற்று. அத்தை வலி என்று சொல்லவில்லை, என் கையை மட்டும் இறுக்கினார்.

நவம்பர் 8, சனி

கோவில் மண்டபத்தில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம். வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு. பழைய தமிழில் பூவுக்கு வருகிறவர்களுக்கு இத்தனை பெயர் என்று பலகையில் எழுதினேன். ஞிமிறு என்று சொல்லிப் பார்ப்பதே அவர்களுக்குப் பெரிய விளையாட்டாகிவிட்டது.

குண்டூசியில் இருந்த பெண் கருவண்டு ஒன்றை லென்ஸில் காட்டினேன். மேல் வயிற்றில் முதல் வளையத்துக்குள் ஒரு சின்னப் பை, அதற்குள் உண்ணிகள். அவற்றைச் சுமப்பதற்கென்றே அந்தப் பை. ஒரு பையன் கேட்டான்: "அதுக்கு அரிக்காதா, ஆன்ட்டி?" நல்ல கேள்வி. இரவு முழுக்க என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

1860இல் இதே தேதியில்தான் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பன் வந்தது. கோவிலில் பூஜை. அத்தை வரவில்லை, வராந்தாவில் உட்கார்ந்து அவருடைய பாட்டியைப் பற்றிப் பேசினார். டொங்காட் கரும்புக் காட்டு லைன் வீட்டுப் பின்னால் ஒரு முருங்கை, அது பூத்தால் கருவண்டு இரைச்சலில் பிள்ளைகள் பயந்து ஓடுமாம். பாட்டி மட்டும் அடியிலேயே பாய் போட்டுப் படுத்துக்கொள்வாராம். "அதுங்க நம்மள ஒண்ணும் பண்ணாது, அதுங்க பாட்டுக்கு வேலை செய்யுதுங்க" என்று பாட்டி சொன்னதை அத்தை இரண்டு தடவை சொன்னார்.

நவம்பர் 19, புதன்

அறுவை. டிசம்பர் 3.

அதற்கு மேல் டாக்டர் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை.

நவம்பர் 20, வியாழன்

அத்தை காலண்டரில் டிசம்பர் 3ஐச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார். "எப்ப வரும் மா உன் குழல்ல இருக்கிறது?" கோடையில் ஐந்தாறு வாரம் ஆகும் அத்தை. முன்னறையில் ஆண், பின்னறையில் பெண். ஆண்தான் முதலில் வரும். "அப்ப நான் போறதுக்கு முன்னாடி வந்துரும்" என்றார். ஆஸ்பத்திரிக்கு என்று ஏன் சேர்த்துச் சொல்லவில்லை?

நவம்பர் 25, செவ்வாய்

அறிக்கையை வேறு ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்களாம். மீதிப் பணம் பற்றி ஒரு வரி இல்லை. என் தரவு முழுவதையும் தேதி போட்டுச் சேமித்து வைத்தேன். விண்ணப்பம் பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது நானும் பொதுமக்களில் ஒருத்திதானே.

நவம்பர் 27, வியாழன்

வெருலம் அங்கிள் போன் செய்தார். மருந்தை மாலைக்கு மாற்றிவிட்டாராம். பந்தலில் நாலு கருவண்டு, "நாலு, நானே எண்ணினேன்."

நவம்பர் 29, சனி

காலை 8.20. மூன்றாவது குழலின் மூடியில் ஊசிமுனை அளவு ஓட்டை. உள்ளே தாடை அசைகிறது. அத்தையைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். காலண்டர் தாளும் பென்சிலும் மடியில்.

இலை வட்டம் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. 9.05க்குத் தலை. மூச்சு வாங்குவது போல நின்றது. பிறகு மார்பு, பிறகு மெதுவாக வயிறு.

கூர்வால்.

குழல் வாயிலேயே உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டது. நான் அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. பென்சில் தாளில் உரசுகிற சத்தம் கேட்டது. ஒரு கோடு.

"பின்னால இன்னும் ஏழு அறை இருக்கில்ல மா" என்றார்.

நவம்பர் 30, ஞாயிறு

இன்று ஒன்றும் வரவில்லை. மழை.

டிசம்பர் 2, செவ்வாய்

பை கட்டியாயிற்று. காலை ஆறுக்குக் கிளம்பவேண்டும். அத்தை தூங்கிவிட்டார். டார்ச் அடித்துக் குழலைப் பார்த்தேன், இரண்டாவது அறைச் சுவர்