எண்ணூறு மில்லி

மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஒரு கிழமை காய்ச்சல், பிறகு இரவில் இருமல், சாப்பிட்டதெல்லாம் சத்தி. வயிற்றுக் கோளாறு என்று இரண்டு இடத்தில் மருந்து எடுத்தோம். கடைசியில் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்தபோதுதான் இதயம் பெருத்துக் கிடப்பது தெரிந்தது. அன்றிரவே யாழ்ப்பாணம், நாலாம் நாள் அம்புலன்சில் கொழும்பு றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை.

இதயத்தை ஸ்கான் பண்ணிப் பார்க்கிற எக்கோவில் 18 வீதம் என்று வந்தது. இதயத்தில் நிறைகிற இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியே போகிறது என்ற கணக்கு அது. 55க்கு மேல் இருக்க வேண்டுமாம். வைரஸ் காய்ச்சல் செய்த வேலையாக இருக்கலாம், சில பிள்ளைகளுக்கு மருந்திலேயே திரும்பும், திரும்பாவிட்டால் மாற்று இதயம்தான் என்றார் டொக்டர்.

அதுவரை தாக்குப்பிடிக்க ஒரு மெஷினும் இருக்கிறதாம், பேர்லின் ஹார்ட். பம்ப் உடம்புக்கு வெளியே வயிற்றோடு கிடக்கும், குழாய்கள் உள்ளே இதயத்துக்குப் போகும், காற்றழுத்தத்தில் ஓடும். ஆகச் சின்னப் பம்ப் 10 மில்லி இரத்தம்தான் கொள்ளும். பம்புக்குள் இரத்தம் கட்டிபட்டு மூளைக்குப் போய்விடாமல் மருந்தும் கொடுக்க வேண்டும். நான் கேட்டது ஒன்றுதான்: "எங்கட பக்கம் கரண்ட் போனால்?" அவர் சிரிக்கவில்லை. "இவ்வளவு சின்னப் பிள்ளை அதோட வீட்டுக்குப் போறதில்லை அம்மா. இதயம் கிடைக்குமட்டும் ஆஸ்பத்திரிதான்."

இலங்கையில் முதல் இதய மாற்று 2017இல் கண்டியில் நடந்தது, ஆனால் வளர்ந்த ஒருவருக்கு. என் மகள் 14 கிலோ. அவளுக்குக் கிட்டத்தட்ட அவள் பருமனுள்ள பிள்ளையின் இதயம் வேண்டும், இரத்த வகையும் பொருந்த வேண்டும். சென்னைக்கு அனுப்பக் கோப்பைத் தயார் பண்ணச் சொன்னார்கள். அங்கே உள்ளூர் நோயாளிகள் யாருக்கும் பொருந்தாத இதயம்தான் வெளிநாட்டவருக்கு வரும் என்பதையும் மறைக்கவில்லை.

கிராம சேவகர் கடிதம், வவுனியாவில் பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை, பல் கிளினிக். மாற்றுக்குப் பிறகு நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து ஆயுசுக்கும் என்பதால் ஒரு சூத்தைப் பல்கூட விடக்கூடாதாம். ஒரு கந்தோரில் இவருடைய பெயரில் ஓரெழுத்துப் பிழை என்று மூன்று முறை அலைந்தோம்.

"இன்னொரு பிள்ளை போனால்தானே எங்கட பிள்ளைக்கு" என்றா மாமி. 2009இல் மகனை அடக்கம் பண்ணக்கூட முடியாமல் நடந்து வந்தவா. நான் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டேன்.

சரி, கோப்பு ஒருபக்கம். வீட்டில் நடந்த உண்மையான வைத்தியம் தண்ணீர் அளப்பதுதான், இதயம் பலவீனமென்றால் கூடக் குடிப்பது உடம்பில் தேங்கிவிடும். நாளுக்கு 800 மில்லி, வன்னியின் சித்திரை வெயிலில்! பால், கஞ்சி, குழம்பு, குளிசை விழுங்கும் மிடறு எல்லாம் அதற்குள். காலையில் ஒரு போத்தலில் 800 நிரப்பி வைப்பேன். எதைக் குடித்தாலும் அதே அளவை அதிலிருந்து ஊற்றிவிடுவேன், மிச்சத்தை அவளே பார்க்கலாம். இளநீர் கூடவே கூடாது, குளிசைகளோடு சேர்ந்து பொட்டாசியம் ஏறிவிடும். முற்றத்தில் தென்னையை வைத்துக்கொண்டு இதைப் பிள்ளைக்கு எப்படி விளங்கப்படுத்துவது? கிணற்றடியில் குளிக்கவார்க்கும்போது அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு நிற்பாள். ஒருநாள் நானும் பார்க்காதமாதிரி நின்றேன்.

தினமும் வெறுவயிற்றில் நிறை. இரண்டு நாளில் அரைக் கிலோ கூடினால் அது சதையில்லை, நீர். உடனே வாட்டுக்குப் போன், நீரைச் சிறுநீராக வெளியேற்றும் தண்ணிக் குளிசையைக் கூட்டுவார்கள்.

ஏழாம் மாத எக்கோவில் 31. போன மாதம் 44. சென்னைக் கோப்பை எறிய வேண்டாம் என்றார் டொக்டர், அது அலுமாரியில் இருக்கிறது. தண்ணீரை 1,100 ஆக்கியிருக்கிறார்கள். கூடிய 300ஐயும் ஐஸ்பழமாகத்தான் தரவேண்டும் என்கிறாள் மகள். ஒரு ஐஸ்பழம் உருகினால் எத்தனை மில்லி என்று பார்க்க, அளவுக் கோப்பைக்குள் ஒன்றை வைத்துவிட்டு இருவரும் காவல் இருக்கிறோம்.