மாதந்தோறும் வரும் 31ஆம் தேதி

"ஒவ்வொரு மாதமும் 31ஆம் தேதி" என்ற நிகழ்வைத் தரவுத்தளத்தில் சேமிக்க வேண்டியிருந்தபோது, வரப்போகும் தேதிகள் அனைத்தையும் தனித்தனி வரிசைகளாக எழுதிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். தேடுவதற்கு அது எளிது. ஆனால் முடிவுத் தேதியே இல்லாத நிகழ்வுக்கு எத்தனை வரிசைகளை எழுதுவது?

ஆகவே தொடக்கத் தேதி, இடைவெளி, முடிவுத் தேதி ஆகியவற்றை மட்டும் ஒரு விதியாக அட்டவணையில் வைத்து, கேட்கப்படும் காலத்துக்குரிய தேதிகளை வினவலின்போதே உருவாக்கினேன். சிக்கல் அங்கேதான் காத்திருந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2024 ஜனவரி 31உடன் ஒரு மாதத்தைக் கூட்டினால் பிப்ரவரி 29 கிடைக்கும். அந்த விடையுடன் மீண்டும் ஒரு மாதத்தைக் கூட்டினால் மார்ச் 29தான் வரும், 31 திரும்புவதே இல்லை. தேதிகளைத் தொடராக உருவாக்கித் தரும் அதன் ஜெனரேட்_சீரிஸ் (generate_series) செயற்கூறும் இப்படிப் படிப்படியாகவே கூட்டுவதால் அதே பிழையில் விழுகிறது. எப்போதும் தொடக்கத் தேதியிலிருந்தே 1, 2, 3 மாதங்கள் எனக் கணக்கிட்டுக் கூட்டுவதுதான் பாதுகாப்பானது. (2009இல் வெளியான ஆர்எஃப்சி 5545 என்ற நாட்காட்டித் தரமோ, 31 இல்லாத மாதங்களை அடியோடு தவிர்த்துவிடுகிறது, பயனர் எதை எதிர்பார்க்கிறார் என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.)

ரத்தான, தள்ளிவைக்கப்பட்ட நாள்களுக்கு, விதியின் எண்ணையும் மூலத் தேதியையும் சேர்த்து, ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைத் திறவுகோலாகக் கொண்ட தனி அட்டவணை ஒன்று போதும்.